ஓவியர் கண்ட கோள்கள்

ஒரு கலையைத் தமக்குச் சீவனோபாயமாகக் கொண்டு பயில்வோர் ஒருசாரார். வேறு தொழில் செய்து வாழ்ந்துகொண்டு, அக்கலையின்பாற் கொண்ட காதல் ஒன்றினாலேயே அதனைப் பயில்வோர் மற்றொருசாரார். பின்னையவரைப் பிரான்சியர் ‘அமற்றர்’ என்பர். அன்பு செய்பவர் என்பதே அச்சொல்லின் நேர்ப்பொருள். ஆங்கிலேயரும் அச்சொல்லைத் தம்மொழியில் ஏற்றுக்கொண்டனர். ஆயின் நாளடைவில், அரைகுறையாகக் கற்றவர் என்னும் இழிபொருளும் அதனோடு ஒட்டிக்கொண்டது. தமிழிலே ‘ஆர்வலர்’ என்பது அன்புடையாரைக் குறிக்கும் பழஞ்சொல். இழிபொருள் எதுவும் அதனைச் சாரவில்லை. ஆதலின் இக்கட்டுரையில் அச்சொல்லையே ஆளுகின்றோம்.

அறிவியலின் பல துறைகளில் இன்று ஆர்வலருக்கு இடமில்லை. அணுவைப் பிளக்கவும் உயிர்க்கலத்தின் உள்ளமைப்பை ஆராயவும் பெரும்பொருட் செலவில் அமைந்த ஆய்வுகூடங்கள் வேண்டும். வானநூல் இதற்கு நெடுங்காலம் விலக்காயிருந்தது. அதன் ஆய்வுகூடம் எல்லார் தலைக்கு மேலும் கூலியின்றி விரிந்து கிடக்கின்றது. எனினும், பட்டமும் பதவியும் பெருங்கருவியும் இல்லாத ஒருவர், வானத்தைப் பார்த்து மகிழ்வதோடு நில்லாது, அதனைப் பற்றிய மனிதகுலத்தின் அறிவுக்கு மெய்யாகவே ஒன்றைச் சேர்த்தல் கூடுமோ என்பது வினா.

கூடும் என்பதற்குச் சான்றாக நின்றவர் ஹேர்மன் கோல்ட்ஷ்மிற் என்னும் ஓவியர். பாரிஸ் மாநகரிலே தாம் குடியிருந்த மாடியிலிருந்து சிறியதொரு தொலைகாட்டியைக்கொண்டு அவர் தேடத் தொடங்கினார். 1852 ஆம் ஆண்டுக்கும் 1861 ஆம் ஆண்டுக்கும் இடையில் பதினான்கு சிறுகோள்களைக் கண்டார். அவர் அவற்றைக் கண்டது எவ்வாறு, அவருக்கு எவை துணைநின்றன, அவரால் தனித்து இயலாதது யாது என்பவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே

சூரியனிலிருந்து கோள்கள் நிற்கும் தூரங்களில் ஓர் ஒழுங்கு உண்டென 1766 ஆம் ஆண்டில் தீத்தியஸ் என்னும் ஜேர்மானியர் எடுத்துக்காட்டினார். 1772 இல் போடே என்பவர் அதனைப் பரப்பினார். 0, 3, 6, 12, 24, 48, 96 என்னும் எண்களை எழுதி ஒவ்வொன்றோடும் நான்கைக் கூட்டினால் 4, 7, 10, 16, 28, 52, 100 என்பன கிடைக்கும். பூமியின் தூரத்தைப் பத்து எனக் கொள்வோமாயின், புதன் 4, வெள்ளி 7, செவ்வாய் 16, வியாழன் 52, சனி 100 என்னும் இடங்களுக்கு அணித்தாகவே நிற்கக் காணலாம். 28 என்னும் இடம் மாத்திரம் வெறுமையாயிருந்தது. 1781 இல் வில்லியம் ஹேர்ஷல் யுரேனஸ் என்னும் புதிய கோளைக் கண்டார். (அவரும் அக்காலத்தில் இங்கிலாந்தின் பாத் நகரிலே இசைத்தொழில் புரிந்துவந்த ஆர்வலரே.) அக்கோளின் தூரம் ஏறக்குறைய 192, வாய்பாட்டின்படி அடுத்து வரவேண்டிய எண் 196. இப்பொருத்தத்தைக் கண்ட வானநூலார், 28 என்னும் இடத்திலும் ஒரு கோள் மறைந்திருத்தல் வேண்டுமெனத் துணிந்தனர். இவ்வாய்பாட்டுக்குத் தக்க காரணம் எதுவும் நிலைநாட்டப்படவில்லை. பின்னர்க் கண்டுபிடிக்கப்பட்ட நெப்தியூன் அதற்கு இணங்கவுமில்லை. எனினும் தேடலைத் தூண்டிவிட்டது அதுவே.

1801 ஆம் ஆண்டு ஜனவரி மாதம் முதலாந் திகதி, சிசிலித்தீவின் பலேர்மோ நகரிலே பியாற்சி என்னும் துறவி, இடபராசியில் இடம்பெயரும் ஒளிப்புள்ளி ஒன்றைக் கண்டார். அதற்குச் சீரிஸ் என்று பெயரிட்டார். ஏறத்தாழ ஆறு கிழமைகள் அதனைப் பின்தொடர்ந்தபின், அது சூரியனின் ஒளிப்பரப்புக்குள் மறைந்தது. அது மீண்டும் எங்கே தோன்றும் என எவருக்கும் தெரியவில்லை. அப்போது இருபத்துநான்கு வயதினராயிருந்த கவுஸ் என்னும் கணிதமேதை, கையிலிருந்த சில அளவுகளைக்கொண்டே அதன் பாதையைக் கணித்தார். அவர் காட்டிய இடத்துக்கு அண்மையிலே அவ்வாண்டின் கடைசி நாளில் அது மீண்டும் காணப்பட்டது. இந்நிகழ்ச்சியை வாசகர்கள் மனத்திற் கொள்ளுதல் நன்று. இதன் பயன் பின்னர் விளங்கும்.

சீரிசை அடுத்து 1802 இல் பல்லாஸ், 1804 இல் யூனோ, 1807 இல் வெஸ்தா என்பன காணப்பட்டன. இவற்றுள் பல்லாசையும் வெஸ்தாவையும் கண்டவர் பிறேமன் நகரத்து வைத்தியராகிய ஒல்பேர்ஸ். பெருந்தொலைகாட்டியாற் பார்த்தபோதும் இவை வட்டமாகத் தோன்றாமல் உடுக்களைப் போலப் புள்ளியாகவே தோன்றினமையால், ஹேர்ஷல் இவற்றுக்கு உடுவைப் போன்றவை எனப் பொருள்படும் ‘அஸ்தரொயிட்’ என்னும் பெயரை இட்டார். ‘உடுப்போலி’ என்பது அதற்கு நேரான தமிழ். சிறுகோள் என்பது வழக்கிற் பெருகியுள்ளது.

தபாற் கந்தோர் உத்தியோகத்தர்

1807 இற்குப் பின் முப்பத்தெட்டு ஆண்டுகளாகப் புதிய சிறுகோள் எதுவும் காணப்படவில்லை. இனி எதுவும் இல்லையென அறிஞர் பலர் தேடலைக் கைவிட்டனர். உண்மையிலே குறை வானத்தில் அன்று, வரைபடத்திலேயே இருந்தது. எஞ்சிய சிறுகோள்கள் முன்னையவற்றினும் மங்கலானவை. அத்துணை மங்கலான உடுக்கள் யாவும் குறிக்கப்பட்ட வரைபடம் இல்லாதவிடத்து, ஆயிரம் புள்ளிகளுக்குள் எது புதிது, எது பழையது என எங்ஙனம் அறிவது? ஊராரை அறியாதவன் ஊருக்குள் வந்த அந்நியனை அடையாளம் காண இயலாதன்றோ?

இக்குறையைப் போக்கும்பொருட்டு, பெசல் என்னும் வானநூலாரின் முயற்சியால் பேர்ளின் கலைக்கழகம் உடுப்படங்களை வெளியிட முன்வந்தது. வானநடுக்கோட்டின் இருபுறத்தும் பதினைந்து பாகைவரை உள்ள பரப்பை இருபத்துநான்கு ஏடுகளாக வகுத்து, ஒவ்வோர் ஏட்டையும் ஒவ்வோர் அறிஞரிடம் ஒப்படைத்தனர். 1830 ஆம் ஆண்டளவில் வெளிவரத் தொடங்கிய இவ்வேடுகள் முற்றுப்பெற 1859 ஆம் ஆண்டு ஆயிற்று.

இவ்வேடுகளின் பயனை நன்கு உணர்ந்தவர் பிரசியா நாட்டின் திறீசன் என்னும் சிற்றூரில் வாழ்ந்த கார்ல் லூட்விக் ஹென்கே. (அவ்வூர் இன்று போலந்து நாட்டிற்குரியது.) தபாற் கந்தோரிலே உத்தியோகம் பார்த்து இளைப்பாறியவர் அவர், வானநூலைப் பல்கலைக்கழகத்திற் கற்றவரல்லர். தம் இல்லத்திலிருந்தே ஆண்டுக்கணக்காக வானத்தை ஏட்டோடு ஒப்பிட்டுவந்தார். தேடத் தொடங்கிப் பதினைந்து ஆண்டுகளின் பின், 1845 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 8 ஆந் திகதி இரவு, இடபராசியில் ஏட்டில் இல்லாத புள்ளி ஒன்று அவர் கண்ணிற்பட்டது. அதுவே ஐந்தாவது சிறுகோளாகிய அஸ்திரேயா. 1847 ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதலாந் திகதி ஹீபே என்னும் மற்றொன்றையும் அவரே கண்டார்.

இதற்கிடையில், 1846 ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில், லெவெரியே என்னும் பிரான்சியர் கணித்துக் கூறிய இடத்திலே பேர்ளின் நகரத்துக் கல்லே என்பார் நெப்தியூனை ஒரே இரவிற் கண்டார். அவருக்குக் கைகொடுத்ததும் இவ்வுடுப்படங்களுள் ஒன்றே. நல்ல வரைபடம் ஒன்று பெருந்தொலைகாட்டியினும் சிறந்த கருவியாகலாம் என்பதை அன்று உலகம் அறிந்தது.

ஓவியரின் மாடி

கோல்ட்ஷ்மிற் 1802 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 17 ஆந் திகதி ஜேர்மனியின் பிராங்போர்ட் நகரில் யூத வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். ஒல்லாந்து தேசத்துக்குச் சென்றபோது அங்குள்ள ஓவியத் தொகுதிகளைக் கண்டு உள்ளம் பறிகொடுத்து, தாமும் ஓவியராதல் வேண்டுமென முடிவுசெய்தார். மியூனிக் நகரிலே கொர்னேலியஸ், ஷ்னோர் முதலிய பேரோவியரிடம் பயின்று, 1836 ஆம் ஆண்டில் பாரிஸ் நகரை அடைந்தார். பழங்கதைகளையும் வரலாற்றையும் பொருளாகக் கொண்ட ஓவியங்களைத் தீட்டுதலே அவர் தொழிலாயிற்று.

அவர் வாழ்க்கை திசைதிரும்பியது 1847 ஆம் ஆண்டிலாகும். அப்போது அவருக்கு வயது நாற்பத்துநான்கு. அவ்வாண்டின் சந்திரகிரகணத்தைப் பற்றி லெவெரியே நிகழ்த்திய விரிவுரை ஒன்றினை அவர் தற்செயலாகக் கேட்க நேர்ந்தது. முதல் ஆண்டே தம் கணிப்பினால் நெப்தியூனைக் காட்டிக்கொடுத்த அறிஞர் வாயிலாகக் கேட்ட அவ்வுரை ஓவியரை வானநூலின்பால் ஈர்த்தது. பிறர் இளைப்பாறுதலைப் பற்றிச் சிந்திக்கும் பருவத்திலே அவர் உடுக்களின் அரிச்சுவடியைக் கற்கத் தொடங்கினார்.

தொலைகாட்டி வாங்கப் பணம் வேண்டுமே! புளோரென்ஸ் நகருக்குச் சென்றபோது தாம் தீட்டிய கலிலியோவின் உருவப்படங்கள் இரண்டினை விற்று அப்பணத்தைக்கொண்டு தொலைகாட்டி ஒன்றை வாங்கினார் என்பது வரலாறு. தொலைகாட்டியை முதன்முதல் வானத்தின்பால் திருப்பிப் புதுமைகளை உலகுக்கு உரைத்த கலிலியோவே இருநூற்றுநாற்பது ஆண்டுகளின் பின் இவருக்கும் ஒரு தொலைகாட்டியை வாங்கிக் கொடுத்தார் எனின் அது மிகையாகாது. அதன் வில்லையின் குறுக்களவு 52 மில்லிமீற்றர். அஃதாவது இரண்டு அங்குலத்தை ஒட்டியது. இன்று பள்ளிச் சிறுவருக்குப் பரிசாகக் கொடுக்கும் தொலைகாட்டியும் ஏறக்குறைய இவ்வளவினதே. பின்னாளில் அவர் வாங்கிய கருவிகளிற் பெரியதும் நான்கங்குல அளவினதே.

இலத்தீன் வட்டாரம் என வழங்கும் பகுதியிலே, புரொக்கோப் என்னும் புகழ்பெற்ற கோப்பிக்கடைக்கு மேலுள்ள மாடியில் அவர் குடியிருந்தார். வோல்தேயர் முதலிய எழுத்தாளர் கூடிய இடம் என அக்கடைக்கு ஒரு பெயருண்டு. கீழே மனிதர் கோப்பி அருந்திக் கதைத்திருக்க, மேலே ஓவியர் ஏட்டையும் வானத்தையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். 1852 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 15 ஆந் திகதி இரவு அவர் முதலாவது சிறுகோளைக் கண்டார். அது வரிசையில் இருபத்தோராவது. பாரிஸ் வானாராய்ச்சி நிலையத்துத் தலைவராயிருந்த அறாகோ அதற்கு லூற்றேசியா என்று பெயரிட்டார். பாரிஸ் நகரின் பண்டைய இலத்தீன் பெயர் அது.

தேடும் முறை

இனி அவர் கையாண்ட முறையைக் காண்போம். வெறுங்கண்ணுக்குப் புலனாகும் உடுக்களைப் பண்டையோர் ஒளிக்கேற்ப ஆறு தரங்களாக வகுத்தனர். மிக ஒளியுடையன முதலாந்தரம். கண்ணுக்கு அரிதிற் புலப்படுவன ஆறாந்தரம். தரம் ஒன்று கூடும்போது ஒளி ஏறக்குறைய இரண்டரை மடங்கு குறையும் என 1856 இல் வரையறை செய்தவர் நோர்மன் பொக்சன் என்னும் ஆங்கிலேயர். லூற்றேசியா மிக நன்றாகத் தோன்றும் காலத்திலும் ஒன்பதாந்தரத்துக்கும் பத்தாந்தரத்துக்கும் இடைப்பட்டது. ஆதலின் கண்ணுக்கு எட்டும் மிக மங்கலான உடுவிலும் அதன் ஒளி ஏறக்குறைய இருபத்தைந்து மடங்கு குறைந்தது. இரண்டங்குலத் தொலைகாட்டிக்கு இஃது எட்டும். ஆனால் அத்தரத்து உடுக்கள் வானமெங்கும் பல்லாயிரக்கணக்காக உள்ளன. அவற்றுள் ஒன்றுபோலவே அது தோற்றும். நிறத்தாலோ வடிவத்தாலோ அதனைப் பிரித்தறிய இயலாது.

அதனைக் காட்டிக்கொடுப்பது அதன் இயக்கம் ஒன்றே. சிறுகோள் சூரியனுக்கு நேரெதிரே நின்று நள்ளிரவில் உச்சத்துக்கு வரும் காலத்திலே பூமிக்கு அணித்தாகி மிகுந்த ஒளியுடன் விளங்கும். அப்போது அது நாளொன்றுக்குச் சந்திரவட்டத்தின் விட்டத்தில் ஏறக்குறைய அரைவாசித் தூரம் உடுக்களிடையே நகரும். ஆகவே தேடுவோர் இராசிமண்டலத்தில் நள்ளிரவில் உச்சமாகும் சிறு பரப்பு ஒன்றைத் தெரிந்துகொள்வர். அப்பரப்பிலுள்ள புள்ளிகளை ஏட்டோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுவர். ஏட்டில் இல்லாத புள்ளி தென்படின் அதன் இடத்தை அயல் உடுக்களோடு சேர்த்து வரைந்துகொண்டு, சில மணிநேரம் கழித்தோ மறுநாளிரவிலோ மீண்டும் பார்ப்பர். நின்ற இடத்திலேயே நிற்குமாயின் அது ஏட்டில் விடுபட்ட உடு. இடம் பெயர்ந்திருப்பின் அது கோள். மேகம் மூடினும் நிலவு காய்ந்தாலும் அன்றைய வேலை பாழ். நூறு இரவு பார்த்தும் ஒன்றும் காணாதிருத்தல் இவ்வேலையிற் புதுமையன்று.

இங்கேதான் ஓவியரின் பயிற்சி அவருக்குத் துணைநின்றது எனலாம். ஓர் உருவத்தை வரைவோன் புள்ளிக்கும் புள்ளிக்கும் உள்ள இடைவெளியையும் கோணத்தையும் நோக்கியே வரைகின்றான். அவ்வாறு பழகிய கண், உடுக்களின் கூட்டத்தையும் ஒரு முகத்தைப் போல நினைவிற் கொள்ளும். முகத்தில் மச்சம் ஒன்று புதிதாகத் தோன்றினாற்போல, அக்கூட்டத்திற் புதிதாக நுழைந்த புள்ளி அக்கண்ணை உறுத்தும். கோல்ட்ஷ்மிற் அச்சேறிய படங்களோடு அமையவில்லை. அவற்றில் இல்லாத மங்கலான உடுக்களைத் தாமே நோக்கி அவற்றிற் சேர்த்துக்கொண்டார். படம் எவ்வளவு நிறைவுற்றதோ அவ்வளவு விரைவாகப் புதியது புலப்படும்.

பயன் விரைவிலேயே கிட்டியது. 1854 இல் பொமோனா, 1855 இல் அத்தலாந்தே என்பன காணப்பட்டன. 1856 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 31 ஆந் திகதி கண்ட கோளுக்கு, முதல் நாள் கைச்சாத்தான பாரிஸ் உடன்படிக்கையினாற் கிரிமியப் போர் முடிவுற்றதை நினைந்து ஹார்மோனியா என்று பெயரிட்டனர். 1857 ஆம் ஆண்டு அவருடைய பொற்காலம். அவ்வொரே ஆண்டில் ஐந்து கோள்கள் அவர் கண்ணிற்பட்டன. செப்ரெம்பர் மாதம் 19 ஆந் திகதி ஒரே இரவில் டோரிஸ், பாலெஸ் என்னும் இரண்டினைக் கண்டார். அவ்வாண்டிலேயே றோமியோ, யூலியற் இருவரின் மரணத்தைப் பொருளாகக் கொண்ட ஓவியத்தையும் தீட்டினார். தூரிகையை அவர் கைவிடவில்லை.

இழந்த கோளும் எதிர்பாராது கிடைத்த கோளும்

கண்டுபிடித்தல் என்பது காணுதலோடு முடிவதன்று. இதனை விளக்குவதற்கு அவருடைய வாழ்க்கையிலேயே தக்க நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1856 ஆம் ஆண்டு மே மாதம் 22 ஆந் திகதி அவர் டாப்னே என்னும் கோளைக் கண்டார். சில நாள்கள் மாத்திரமே அதனை நோக்க முடிந்தது. அந்நாள்களில் அது நகர்ந்த பாதை மிகச் சிறிது. சிறிய வில் ஒன்றை மட்டும் பார்த்து வட்டம் முழுவதையும் வரைய முயல்வோன் நிலைதான் கணிதருக்கு ஏற்பட்டது. அவர்கள் கணித்த பாதை பிழைத்தது, டாப்னே தொலைந்துபோயிற்று.

கோல்ட்ஷ்மிற் மனந்தளரவில்லை. 1857 ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில் அது மீண்டும் தோன்றும் எனக் கருதப்பட்ட பகுதியைத் துருவினார். 9 ஆந் திகதி, நகரும் புள்ளி ஒன்று அகப்பட்டது. இழந்த டாப்னே மீண்டது என்றே அவரும் பிறரும் மகிழ்ந்தனர். ஆனால் ஷூபெற் என்னும் கணிதர் அதன் பாதையைக் கணித்துப் பார்த்தபோது அது டாப்னேயின் பாதையோடு பொருந்தவில்லை. அது டாப்னே அன்று. எவரும் அறியாத வேறொரு கோள்! மெலெத்தே என்னும் பெயர் அதற்கு வழங்கலாயிற்று. தேடிய பொருள் கிடையாது, தேடாத பொருள் கிடைத்தது. உண்மையான டாப்னேயை 1862 ஆம் ஆண்டில் லூதர் என்னும் ஜேர்மானியரே மீட்டார். கண்டவர் கோல்ட்ஷ்மிற், ஆறு ஆண்டுகளின் பின் காத்தவர் லூதர்.

சீரிசின் வரலாறும் டாப்னேயின் வரலாறும் ஒரே பாடத்தைப் புகட்டுகின்றன. கோளைக் காண ஒரு கண் போதும். ஆனால் கண்ட கோள் மனிதகுலத்தின் உடைமையாதற்குப் பலர் வேண்டும். இடத்தை நுண்ணிதாக அளப்போர் வேண்டும். பாதையைக் கணிப்போர் வேண்டும். பிறிதொரு நாட்டிலே மீண்டும் பார்த்து உறுதிசெய்வோர் வேண்டும். தனியறையில் இருந்த ஓவியர் தனித்து இருந்தாரல்லர். பேர்ளினிற் படம் வரைந்தோரும் பாரிசில் அளந்தோரும் அறிமுகமில்லாத கணிதரும் அவரோடு உழைத்தனர். அவருடைய பெருமை இதனாற் குறைவுபடாது. அவருடைய செய்தியை அவர்கள் பொருட்படுத்தியது, அது நம்பத்தக்கது என்பதனாலன்றோ?

நம்பத்தக்க கண்ணும் ஒரோவழி ஏமாறும். 1861 ஆம் ஆண்டில், சனிக்கிரகத்தின் ஒன்பதாவது உபகிரகத்தைக் கண்டதாக அவர் அறிவித்தார். கைரோன் என்று அதற்குப் பெயரும் இட்டார். வேறெவரும் அதனைக் காணவில்லை. அப்படியொன்று இல்லையென்பது பின்னர்த் தெளிவாயிற்று. பதினான்கு கோள்களை ஏற்றுக்கொண்ட அறிவுலகம், அவர் கூறினார் என்பதற்காகப் பதினைந்தாவதை ஏற்கவில்லை. முன்னையவற்றை ஏற்றதும் பின்னையதை மறுத்ததும் ஒரே நீதியினாலேயாம். ஆர்வலருக்கும் பேராசிரியருக்கும் அந்நீதி ஒன்றே.

அவ்வாண்டிலேயே இலண்டன் இராயல் வானநூற் சங்கம் அவருக்குப் பொற்பதக்கம் அளித்தது. பிரான்சியக் கழகத்தின் லலாந்து பரிசும் அவருக்குப் பன்முறை கிடைத்தது. 1861 ஆம் ஆண்டு மே மாதம் 5 ஆந் திகதி அவர் தம் பதினான்காவது கோளாகிய பனோப்பேயாவைக் கண்டார். அதற்குச் சில நாள்களின் முன், ஏப்ரில் 17 ஆந் திகதி, மேலே கூறிய பொக்சன், சென்னை வானாராய்ச்சி நிலையத்திலிருந்து ஒரு சிறுகோளைக் கண்டார். இக்கண்டத்திலிருந்து முதன்முதற் காணப்பட்டமையால் அதற்கு ஆசியா என்றே பெயர் வைத்தனர். கோல்ட்ஷ்மிற் 1866 ஆம் ஆண்டில் பொந்தென்புளோ என்னும் ஊரிலே காலமானார். திறீசன் ஊர் ஹென்கேயும் அவ்வாண்டிலேயே மறைந்தார்.

ஏட்டிலிருந்து கமராவுக்கு

1891 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் ஹைடல்பேர்க் நகரிலே மக்ஸ் வோல்வ் என்பார் புகைப்படத்தின் வாயிலாக முதன்முதல் ஒரு சிறுகோளைக் கண்டார். தொலைகாட்டி உடுக்களைப் பின்தொடர்ந்து திரும்பும்போது உடுக்கள் புள்ளியாகவும் கோள் சிறு கோடாகவும் படத்திற் பதியும். அதன்பின் ஏட்டையும் வானத்தையும் மாறிமாறிப் பார்க்கும் வேலை முடிந்தது. எனினும் ஆர்வலர் புதிய கருவியையும் தமதாக்கிக்கொண்டனர். அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாகாணத்திற் கிறித்தவ குருவாயிருந்த யோவேல் மெற்காவ், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நாற்பத்தொரு சிறுகோள்களைக் கண்டார். அவர் முறையை மாற்றியமைத்தார். கோள் நகரும் வேகத்துக்கு ஏற்பப் படத்தகட்டை நகர்த்தினார். உடுக்கள் கோடாயின, கோளின் ஒளி ஒரே இடத்திற் சேர்ந்து விழுந்தமையால் மங்கலான கோளும் தெளிந்த புள்ளியாயிற்று. 1990 களிலே மின்னணுக் கமராவும் கணிப்பொறியும் கைவந்தபோது, யப்பானிய ஆர்வலராகிய தக்காவோ கொபயாஷி தனியொருவராக இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட சிறுகோள்களைக் கண்டார்.

இவ்வேலை வெறும் எண்ணிக்கைப் போட்டியன்று. சிறுகோள்களுட் சில பூமியின் பாதைக்கு அணித்தாகவும் வருகின்றன. 2013 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 15 ஆந் திகதி, ஏறக்குறைய 20 மீற்றர் குறுக்களவுள்ள கல் ஒன்று இரசியாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே வெடித்தது. அதன் அதிர்ச்சியிற் சாளரக் கண்ணாடிகள் நொறுங்கி ஆயிரத்துக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். சூரியன் இருக்கும் திசையிலிருந்து வந்தமையால் அதனை முன்கூட்டி எவரும் கண்டிலர். வருவதை முன்னறிய வேண்டுமெனில், உள்ளவற்றை எண்ணிப் பாதை கணித்து வைத்தல் வேண்டும்.

இதனாலேயே 1998 ஆம் ஆண்டு முதற்கொண்டு அரசாங்கப் பொருளுதவியோடு தானே இயங்கும் பெருந்தொலைகாட்டிகள் வானத்தை இரவுதோறும் அலசத் தொடங்கின. இன்று அறியப்பட்ட சிறுகோள்கள் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டன. 2025 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் சிலி நாட்டின் வேரா றூபின் வானாராய்ச்சி நிலையம் தன் முதற் படங்களை வெளியிட்டபோது, ஏறக்குறைய பத்து மணிநேர நோக்கலில் 2104 புதிய சிறுகோள்கள் அகப்பட்டன என அறிவித்தது. ஓவியர் ஒன்பது ஆண்டு இரவுகளில் பதினான்கு கண்டார். பொறி ஓர் இரவு வேலையில் இரண்டாயிரம் காண்கின்றது.

அப்படியாயின் ஆர்வலரின் காலம் முடிந்ததோ? புதிய கோளைக் காண்பதில் அவர்க்குரிய பங்கு மிகச் சுருங்கிவிட்டது என்பதை மறைத்தற்கில்லை. ஆனால் மேலே கண்டவாறு, காணுதல் வேலையின் முற்பகுதியே. கண்டதைத் தொடர்ந்து நோக்கி அளவுகளை அனுப்புதல், சிறுகோள் உருளும்போது ஒளி ஏறி இறங்குவதைக் குறித்து அதன் சுழற்சிக் காலத்தை அறிதல் என்பன இன்றும் ஆர்வலர் செய்யும் தொண்டுகள். சிறுகோள் ஓர் உடுவை மறைக்கும் கணத்தை வெவ்வேறு ஊர்களில் இருப்போர் நுண்ணிதாகக் குறித்து, அக்குறிப்புக்களை ஒன்றுசேர்த்து அதன் பருமனையும் வடிவத்தையும் வரைகின்றனர். பெருந்தொலைகாட்டி ஓரிடத்தில் மாத்திரமே நிற்கும். நிழல் விழும் ஊரெல்லாம் நிற்கக்கூடியவர் ஆர்வலரே.

லூற்றேசியாவின் முகம்

கோல்ட்ஷ்மிற் தாம் கண்ட கோள்களைப் புள்ளியாகவே கண்டார். அவற்றின் முகத்தை அவர் அறியார். 1998 இல், அவர் கண்ட யூஜீனியாவைச் சுற்றி ஒரு சிறு உபகிரகம் ஓடுவது ஹவாய்த் தீவிலுள்ள தொலைகாட்டியாற் புலப்பட்டது. 2010 ஆம் ஆண்டு ஜூலை மாதம் 10 ஆந் திகதி, ஐரோப்பிய வான்வெளிக்கலமாகிய றொசெற்றா, லூற்றேசியாவிலிருந்து ஏறக்குறைய 3200 கிலோமீற்றர் தூரத்திற் பறந்து சென்று அதனைப் படம்பிடித்தது. படங்களைத் தாங்கிய வானொலி அலைகள் பூமியை அடைய ஏறக்குறைய இருபத்தைந்து நிமிடம் சென்றது. அஃது ஒழுங்கற்ற வடிவமும் ஏறக்குறைய 100 கிலோமீற்றர் குறுக்களவும் உடைய கற்பாறை. அடர்த்தி நீரைப்போல 3.4 மடங்கு, மேற்பரப்பிலே பழைய மோதல்களின் வடுக்களும் ஆழ்ந்த தூசிப்படையும் உள்ளன. அதன் பள்ளங்களுக்குப் பண்டை உரோமப் பேரரசின் நகரங்களின் பெயர்களை இட்டனர். அதன் பரப்பிலே ஒரு பகுதிக்கு மாத்திரம் கோல்ட்ஷ்மிற் என்று பெயர். ஓவியங்களை விற்று வாங்கிய இரண்டங்குல வில்லையில் ஓரிரவு அசைந்த புள்ளி, இன்று படத்திற் குறிக்கப்பட்ட ஒரு நாடாக விரிந்துள்ளது.

மாணவர்கள் அவர் செய்ததைத் தாமே செய்து பார்க்கலாம். நம் நாடு நிலநடுக்கோட்டுக்கு அணித்தாக இருத்தலின், கோள்கள் செல்லும் இராசிமண்டலம் தலைக்கு மேலாகவே செல்கின்றது. இது வடநாட்டார்க்கு வாய்க்காத பேறு. சிறுகோள்களுள் மிக ஒளியுடையது வெஸ்தா. சூரியனுக்கு நேரெதிரே அது வரும் காலத்தை அறிந்துகொண்டால், இரட்டைக்கண் தொலைகாட்டி ஒன்றே அதனைக் காணப் போதும். அது நிற்கும் பகுதியிலுள்ள உடுக்களையெல்லாம் வெள்ளைத்தாளில் பென்சிலாற் புள்ளியிட்டு வரைக. எது வெஸ்தா என அன்றிரவு அறிய முயலவேண்டியதில்லை. இரண்டு நாள் கழித்து, அத்தாளோடு அதேயிடத்தை மீண்டும் பார்க்க. புள்ளிகளெல்லாம் நின்ற இடத்தில் நிற்க, ஒன்று மாத்திரம் விலகி நிற்கும். அதுவே கோள்.